மணிப்பூர் எரிந்தபோது டெல்லி சேனல்கள் என்ன காட்டின? உள்ளூர் மக்களின் கோபத்துக்கு என்ன காரணம்? முழு விளக்கம்

2023 மே 3-ம் தேதி மணிப்பூரில் கலவரம் வெடித்தது. அதைப் பற்றி பிரதமர் நரேந்திர மோடி முதன்முதலாகப் பொதுவெளியில் பேசியது ஜூலை 20-ம் தேதி. நடுவில் இரண்டரை மாதம். அந்த இரண்டரை மாதத்தில் கிராமம் கிராமமாக எரிந்தது, பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆனா நாட்டின் மற்ற பகுதிகள்ல டிவி பார்த்துக்கிட்டு இருந்தவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரிஞ்சது?

'நாங்க சாகும்போது நீங்க வேற சேனல் பார்த்துக்கிட்டு இருந்தீங்க' - மணிப்பூர் மக்கள் மற்ற மாநிலத்தவர்களிடம் வைக்கும் குற்றச்சாட்டின் சாரம் இதுதான். மெய்தேய் தரப்பு, குக்கி-ஸோ தரப்பு என்று எல்லா விஷயத்திலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஒரே விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். அந்தக் கோபத்துக்கு என்ன காரணம்? அதில் எவ்வளவு நியாயம் இருக்கு? உள்ளூர் பத்திரிகைகள் மட்டும் சரியா நடந்துக்கிட்டாங்களா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மே 3 அன்று என்ன நடந்தது?

மணிப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம்தான் சமவெளி. அதுதான் இம்பால் பள்ளத்தாக்கு. மீதி 90 சதவீதமும் மலை. மக்கள்தொகையில் பாதிக்கும் சற்று அதிகமாக இருக்கும் மெய்தேய் சமூகத்தினர் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். குக்கி-ஸோ, நாகா பழங்குடியினர் பெரும்பாலும் மலை மாவட்டங்களில் இருக்கிறார்கள். மலைப்பகுதியில் பழங்குடியினர் அல்லாதவர்கள் நிலம் வாங்க சட்டப்படி கட்டுப்பாடு உண்டு.

'எங்களையும் பழங்குடியினர் பட்டியல்ல சேருங்க' என்பது மெய்தேய் அமைப்புகளின் நீண்டநாள் கோரிக்கை. இது தொடர்பாக மாநில அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும் என்று மணிப்பூர் உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 27 தேதியிட்ட உத்தரவில் கூறியது. தங்கள் நிலமும் இடஒதுக்கீடும் பறிபோகும் என்று அஞ்சிய பழங்குடியின மாணவர் அமைப்பினர் மே 3-ம் தேதி மலை மாவட்டங்களில் பேரணி நடத்தினார்கள். அன்றே சுராசந்த்பூர் - பிஷ்ணுபூர் மாவட்ட எல்லையில் மோதல் தொடங்கியது. இரவுக்குள் இம்பால் வரை பரவியது. காவல்துறையின் ஆயுதக் கிடங்குகளில் இருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கொள்ளை போயின.

இது ஒரே நாளில் திடீர்னு வந்தது இல்ல. வனநிலத்தில் இருந்து குக்கி கிராமத்தினரை வெளியேற்றியது, ஏப்ரல் கடைசியில் முதல்வர் பிரேன் சிங் சுராசந்த்பூரில் திறந்து வைக்க இருந்த உடற்பயிற்சிக் கூடம் சூறையாடப்பட்டது என்று புகைச்சல் முன்பே இருந்தது. நெருப்பு வந்த பிறகுதான் கேமரா வந்தது என்பது உள்ளூர்க்காரர்களின் முதல் புகார்.

டெல்லி சேனல்கள் அப்போது எங்கே இருந்தன?

அந்த நேரத்தில் நாட்டின் பெரிய அரசியல் செய்தி கர்நாடக சட்டமன்றத் தேர்தல். மே 10 வாக்குப்பதிவு, மே 13 வாக்கு எண்ணிக்கை. பிரதமர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர்கள் எல்லோரும் கர்நாடகாவில் இருந்தார்கள். கேமராக்களும் அங்கேதான். அதன்பிறகு யார் முதல்வர் என்ற இழுபறி. மே 28-ம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழா. மறுநாள் மே 29 அன்றுதான் உள்துறை அமைச்சர் அமித் ஷா மணிப்பூருக்குச் சென்று, ஜூன் 1 வரை அங்கே இருந்தார்.

செய்தியே வரவில்லை என்று சொல்ல முடியாது. அச்சுப் பத்திரிகைகளும் சில இணையதளங்களும் செய்தியாளர்களை அனுப்பி விரிவாக எழுதின. ஆனா கோடிக்கணக்கான பேர் பார்க்கும் இரவு 9 மணி விவாதத்தில் மணிப்பூர் எத்தனை நாள் தலைப்பாக இருந்தது என்பதுதான் கேள்வி. பெரிய தலைவர் போனா கேமராவும் போகுது, அவர் திரும்பினா கேமராவும் திரும்புது. இதனால் கலவரத்தின் கதை, தலைவர்களின் பயணக் கதையாகச் சுருங்கியது. ஜூன் கடைசியில் ராகுல் காந்தி மணிப்பூர் சென்றபோதும் அவரது வாகனங்கள் வழியில் நிறுத்தப்பட்டதே பெரிய செய்தியானது. அவர் பார்க்கப்போன முகாம்களில் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அதற்கு அடுத்த இடத்துக்குப் போனது.

2 எம்.பி. கணக்கு என்றால் என்ன?

மணிப்பூருக்கு மக்களவையில் இருப்பது 2 தொகுதிகள். வடகிழக்கின் 8 மாநிலங்களையும் சேர்த்தால் 25. தமிழ்நாட்டுக்கு மட்டும் 39 இருக்கு, உத்தரப் பிரதேசத்துக்கு 80 இருக்கு. 2011 கணக்கெடுப்புப்படி மணிப்பூரின் மக்கள்தொகை சுமார் 28.5 லட்சம். டெல்லியில் ஆட்சியை நிர்ணயிக்கும் எண்ணிக்கையும் இல்ல, விளம்பரதாரர்களைக் கவரும் பார்வையாளர் எண்ணிக்கையும் இல்ல.

'ஓட்டும் கம்மி, ரேட்டிங்கும் கம்மி. அப்புறம் எதுக்கு எங்களைப் பத்திப் பேசப்போறாங்க?' என்று அங்கே கேட்பது இதனால்தான். தேசிய அரசியலின் கணக்கும் தேசிய ஊடகத்தின் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மாநிலத்திலும் இதே எண்ணிக்கைப் பிரச்னை இருப்பதாக மலை மாவட்ட மக்கள் சொல்கிறார்கள். 60 சட்டமன்றத் தொகுதிகளில் 40 பள்ளத்தாக்கில், 20 மலையில். டெல்லியைப் பார்த்து இம்பால் வைக்கும் அதே புகாரை இம்பாலைப் பார்த்து மலை மாவட்டங்கள் வைக்கின்றன.

இன்டர்நெட் முடக்கத்தால் என்ன ஆனது?

கலவரம் தொடங்கிய மே 3 அன்றே மொபைல் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. அடுத்து பிராட்பேண்டும் போனது. வதந்தி பரவாமல் இருக்கவே இந்த நடவடிக்கை என்று அரசு கூறியது. பிராட்பேண்ட் ஜூலை 25-ல் நிபந்தனைகளோடு திரும்பி வந்தது. மொபைல் இன்டர்நெட் செப்டம்பர் 23-ல் வந்து, மூன்றே நாளில் மறுபடியும் போனது. மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அது திரும்பக் கிடைத்தபோது டிசம்பர் மாதம் ஆகியிருந்தது.

வதந்தி நின்னுதா? இல்லை. டெல்லியில் முந்தைய ஆண்டு கொலை செய்யப்பட்ட ஒரு பெண்ணின் உடல் படம், மணிப்பூரில் குக்கி தரப்பினரால் கொல்லப்பட்ட மெய்தேய் பெண் என்ற பொய்யோடு பரவியது. 'அது மணிப்பூரே இல்ல' என்ற உண்மை மக்களிடம் போய்ச் சேர வழி இல்லாமல் போனது. இன்டர்நெட் இல்லாத ஊரில் வதந்தி வாய்வழியா ஓடும். அதை மறுக்கும் செய்திதான் ஓடாது.

செய்தியாளர்களுக்கு இன்னொரு சிக்கல். எடுத்த வீடியோவை அனுப்ப முடியவில்லை. தொலைபேசியில் சொல்லி, அரசு கொடுக்கும் அறிக்கையை வைத்து எழுதும் நிலை. காலவரம்பு இல்லாமல் இணையத்தை முடக்கக் கூடாது, முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-ம் தேதியே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. அது ஒரு பத்திரிகை ஆசிரியர் தொடுத்த வழக்கு என்பதும் கவனிக்க வேண்டியது. மணிப்பூரில் முடக்க உத்தரவுகள் சில நாட்களுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு மாதக்கணக்கில் போனது.

ஒரே வீடியோ எப்படி எல்லாவற்றையும் மாற்றியது?

ஜூலை 19-ம் தேதி ஒரு வீடியோ வெளியானது. குக்கி-ஸோ பெண்கள் இருவரை ஆடையின்றி ஒரு கும்பல் இழுத்துச் செல்லும் காட்சி. நாடே அதிர்ந்தது. மறுநாள் நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கும் நாள். அவைக்கு வெளியே பிரதமர் பேசினார். அதே நாளில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த வீடியோவை நீக்கச் சொல்லி சமூக வலைத்தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது.

ஆனா இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. அந்தச் சம்பவம் நடந்தது மே 4-ம் தேதி. மே 18 அன்றே சைகுல் காவல் நிலையத்தில் புகார் பதிவாகியிருந்தது. சம்பவம் நடந்த பகுதியின் காவல் நிலையத்துக்கு அந்த வழக்கு மாற்றப்பட்டது ஜூன் 21-ல். முதல் கைதே வீடியோ வெளிவந்த பிறகுதான். அதாவது, காவல்துறைக்குத் தெரியும். புகார் காகிதத்தில் இருந்தது. காட்சி இல்லாததால் அது செய்தியாகவில்லை. செய்தியாகாததால் நடவடிக்கையும் நகரவில்லை.

உள்ளூர்ப் பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் கேட்ட கேள்வி இதுதான்: வீடியோ எடுக்கப்படாத சம்பவங்களுக்கு என்ன பதில்? 'கேமரா இல்லாத இடத்துல நடந்தா அது குற்றம் இல்லையா?' பின்னர் ஆகஸ்ட் 7-ம் தேதி நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் மூன்று முன்னாள் பெண் நீதிபதிகள் கொண்ட குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. நிவாரணம், மறுவாழ்வு ஆகியவற்றைக் கவனிப்பது அதன் பொறுப்பு.

பிரதமர் ஜூலை 20 அன்று பேசியபோது ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களின் பெயரையும் குறிப்பிட்டார். இரண்டிலும் அப்போது காங்கிரஸ் ஆட்சி, சில மாதங்களில் தேர்தல். விவாதங்கள் சீக்கிரமே 'அங்கே நடக்கலையா, இங்கே நடக்கலையா' என்ற பக்கம் திரும்பின. மணிப்பூர் மறுபடியும் இரண்டு கட்சிகளின் சண்டையில் ஒரு வாதப்பொருளாக மாறியது.

இது இந்து - கிறிஸ்தவர் சண்டையா?

தேசிய ஊடகங்கள் மட்டுமல்ல, வெளிநாட்டு ஊடகங்கள் மீதும் உள்ளூரில் இருக்கும் புகார் இது. மெய்தேய் மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள், குக்கி-ஸோ மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் என்பது உண்மை. தேவாலயங்களும் கோயில்களும் தாக்கப்பட்டதும் உண்மை. ஆனா அதை மட்டும் வைத்து மதக்கலவரம் என்று சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும்.

மெய்தேய்களில் சனாமஹி என்ற தங்கள் பழைய வழிபாட்டைப் பின்பற்றுபவர்கள் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். நாகா மக்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் இந்த மோதலில் அவர்கள் ஒரு தரப்பாக இறங்கவில்லை. நிலம், இடஒதுக்கீடு, வனப்பகுதி, மியான்மரில் இருந்து வரும் அகதிகள், பாப்பி எனப்படும் போதைப்பயிர் சாகுபடி, ஆயுதக் குழுக்கள், அதிகாரப் பங்கீடு எனப் பல முடிச்சுகள் இதில் உண்டு.

அதேபோல 'போதைப்பொருள் கும்பல்', 'ஊடுருவியவர்கள்' என்று ஒரு முழு சமூகத்துக்கே முத்திரை குத்தும் விவாதங்களும் நடந்தன. அதற்கு குக்கி-ஸோ தரப்பில் கடும் எதிர்ப்பு. 'ஒரு வரியில சொல்லுங்க' என்று கேட்கும் ஸ்டூடியோவுக்கு இத்தனை முடிச்சை விளக்க நேரம் கிடையாது. எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கப்பட்ட கதைக்குள் புதிய ஊரைப் பொருத்திவிடுகிறார்கள்.

உள்ளூர் பத்திரிகைகள் மட்டும் சரியா?

இதுதான் சங்கடமான கேள்வி. 2023 ஆகஸ்ட் 7 முதல் 10 வரை, இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கமான எடிட்டர்ஸ் கில்டின் மூவர் குழு மணிப்பூர் சென்றது. செப்டம்பர் 2-ல் அறிக்கை வெளியானது. மோதல் காலத்தில் இம்பால் ஊடகங்கள் 'மெய்தேய் ஊடகங்களாக' மாறிவிட்டன என்று அது கூறியது. இணைய முடக்கம் செய்திப் பணியைக் கெடுத்தது என்றும், மாநிலத் தலைமை ஒரு பக்கம் சாய்ந்ததற்கான அறிகுறிகள் தெளிவாக இருப்பதாகவும் குறிப்பிட்டது.

இம்பாலில் இதற்குக் கடும் எதிர்ப்பு. நாலு நாள் வந்து பார்த்துவிட்டு எங்களுக்கு மதிப்பெண் போடுவதா என்று கேட்டார்கள். அறிக்கையில் ஒரு பிழையும் இருந்தது. எரியும் வனத்துறைக் கட்டடத்தின் படத்துக்கு 'குக்கி வீடு' என்று விளக்கம் போட்டிருந்தார்கள். கில்ட் அதை ஒப்புக்கொண்டு திருத்தியது. ஆனால் மூவர் மீதும் கில்டின் தலைவர் மீதும் எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதை அறிவித்தவர் முதல்வர் பிரேன் சிங். செப்டம்பர் 6-ல் அவர்களைக் கைது செய்ய உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கட்டுரையில் தவறான தகவல் இருப்பதே பகைமையைத் தூண்டும் குற்றம் ஆகிவிடுமா என்று பின்னர் கேள்வியும் எழுப்பியது.

உள்ளூர்ச் செய்தியாளரின் நிலைமையையும் பார்க்கணும். மெய்தேய் நிருபர் மலைக்குப் போக முடியாது. குக்கி நிருபர் இம்பாலுக்கு வர முடியாது. நடுவில் பாதுகாப்புப் படைகளின் சோதனைச் சாவடிகள். வெளியூர் நிருபர்கள் இரண்டு பக்கமும் போக, எந்தத் தரப்பையும் சேராத மெய்தேய் பங்கல் முஸ்லிம் ஓட்டுநர்களைத்தான் நம்பினார்கள். ஆயுதக் குழுக்களின் மிரட்டலும் அங்கே புதிதல்ல. 2021 பிப்ரவரியில் இம்பாலில் போக்நாபம் நாளிதழ் அலுவலகத்தின் மீது கையெறி குண்டு வீசப்பட்டது. பத்திரிகைகள் அச்சை நிறுத்திப் போராடின. தன் சொந்தத் தெருவுக்கு எதிரா எழுதிட்டு அதே தெருவில் குடியிருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு டெல்லி ஸ்டூடியோவில் இருப்பவருக்குப் புரியாது. அதேசமயம், அந்தக் கஷ்டம் எதிர்த்தரப்பின் சாவை எழுதாமல் விடுவதற்குக் காரணமாக முடியாது என்பதும் உண்மை.

நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது?

பிரதமரை அவையில் பேச வைக்க எதிர்க்கட்சிகள் கையில் எடுத்த ஆயுதம் நம்பிக்கையில்லாத் தீர்மானம். காங்கிரஸ் எம்.பி. கௌரவ் கோகாய் கொண்டுவந்தார். 2023 ஆகஸ்ட் 10-ல் பிரதமர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பதில் அளித்தார். ஒன்றரை மணி நேரமாகியும் மணிப்பூர் பற்றிப் பேசவில்லை என்று எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்தன. அவர்கள் போன பிறகு பிரதமர் மணிப்பூர் பற்றிப் பேசினார். எதிர்க்கட்சிகள் கேட்கத் தயாராக இல்லை என்பது பா.ஜ.க.வின் பதில். டிவியில் பெரிதாக ஓடியது அந்த வெளிநடப்பும் அரசியல் பதிலடிகளும்தான்.

2024 மக்களவைத் தேர்தலில் மணிப்பூரின் 2 தொகுதிகளையும் காங்கிரஸ் வென்றது. உள் மணிப்பூர் தொகுதியில் வென்ற அங்கோம்சா பிமோல் அகோய்ஜாம், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர். ஜூலை 1-ம் தேதி அவருக்கு அவையில் பேச வாய்ப்பு கிடைத்தபோது மணி கிட்டத்தட்ட நள்ளிரவு. முகாம்களில் இருக்கும் சுமார் 60,000 பேரைப் பற்றியும், குடியரசுத் தலைவர் உரையில் மணிப்பூர் இடம்பெறாதது பற்றியும் பேசினார். பிரைம் டைம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு மொபைல் போன்களில் நாடு முழுவதும் பரவியது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் பிரதமர் மணிப்பூர் பற்றிப் பேசினார். 11,000-க்கும் மேற்பட்ட எஃப்.ஐ.ஆர்.கள் பதிவாகியிருப்பதாகவும், வன்முறை குறைந்து வருவதாகவும் தெரிவித்தார்.

தமிழர்களுக்கு இதில் என்ன தொடர்பு?

மியான்மர் எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊரில் பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபோது அங்கிருந்து வெளியேறியவர்கள். தரைவழியாகத் திரும்பிப் போக முயன்று, முடியாமல் எல்லையிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இவை. அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கு, அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கு. எந்தத் தரப்பிலும் இல்லாத இவர்களின் தொழிலும் கலவரத்தில் முடங்கியது. ஊரில் மெய்தேய், குக்கி இரு தரப்பினரின் கட்டடங்களும் எரிந்தபோது தமிழர் வீடுகளும் தப்பவில்லை. டெல்லி எதைக் காட்டுகிறதோ அதையே மொழிபெயர்த்துக் காட்டினால், இந்தத் தமிழர்களின் கதைகூட தமிழ்ச் செய்தியில் தாமதமாகத்தான் வரும். டெல்லி சேனல்கள் மீதான விமர்சனம் தமிழ்ச் சேனல்களுக்கும் பொருந்துகிற இடம் இது.

அதன் பிறகு என்ன ஆனது?

உயர் நீதிமன்ற உத்தரவின் சர்ச்சைக்குரிய பத்தி 2024 பிப்ரவரி 21-ல் நீக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 9-ல் முதல்வர் பிரேன் சிங் ராஜினாமா செய்தார். பிப்ரவரி 13-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி அமலானது. செப்டம்பர் 13-ல் பிரதமர் மோடி சுராசந்த்பூர், இம்பால் இரண்டு இடங்களுக்கும் சென்றார். கலவரத்துக்குப் பிறகு அவரது முதல் பயணம் அது. இதற்குள் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இரண்டு ஆண்டுகளைக் கடந்தும் முகாம்களில் இருந்தார்கள்.

செய்தி பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

மணிப்பூர் அனுபவத்தில் இருந்து சில எளிய கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

செய்தியாளர் எங்கே நிற்கிறார்? சம்பவம் நடந்த ஊரிலா, டெல்லி ஸ்டூடியோவிலா?

இரண்டு தரப்பு மக்களும் பேசுகிறார்களா, இரண்டு கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்கள் மட்டும்தானா?

சம்பவம் நடந்த தேதி எது, செய்தி வந்த தேதி எது? நடுவில் இடைவெளி இருந்தால், யாருக்கு முன்பே தெரியும்?

இன்டர்நெட் முடக்கப்பட்ட பகுதியில் இருந்து வரும் படம் என்றால், அதை யார் சரிபார்த்தார்கள்?

தலைவர் திரும்பிப் போன மறுநாள் அந்த ஊரைப் பற்றி ஏதாவது செய்தி இருக்கா?

கடைசிக் கேள்விதான் முகாம்களில் இருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். வீடு எரிந்த அன்று கேமரா வந்திருக்கலாம், வராமல் போயிருக்கலாம். அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்களா, எரிந்த வீட்டுக்கு இழப்பீடு வந்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்க யாராவது திரும்பப் போனால்தான் அரசுகளும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.